பேத்திக்கு ஓர் அட்டைப் புத்தகம்: மூன்றாம் முறை

பேத்திக்கு ஒரு வயது நாலு மாதம். மலேசியாவில் பந்திங்குக்குப் பக்கத்தில், செம்பனை மரங்கள் வேலி வரைக்கும் வந்து நிற்கும் எங்கள் வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு புத்தகம். பொத்தானை அமுக்கினால் மிருகங்கள் கத்தும். மூன்றாவது வாரம் எச்சில் உள்ளே இறங்கி மாடு ஊமையாகிவிட்டது. பின்பக்க மூடியைக் கழற்றினால் சின்னச் சின்ன வட்ட பேட்டரிகள். ஒன்றை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். அன்றே அது அலமாரி உச்சிக்குப் போனது. சரி, கத்துகிற வேலையை நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முப்பது வருடம் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது கணக்கு எழுதுகிற வேலை. கிழிந்த செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) புத்தகங்களுக்கு அட்டை ஒட்டிய கை இது. இரண்டு மில்லிமீட்டர் சாம்பல் அட்டை, வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை. மறுநாள் காலையில் பார்த்தால் ஆறு பக்கமும் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தன. ஈரம் பட்ட தாள் விரியும். காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கம் ஒட்டினால் அப்படித்தான்.

இரண்டாவது முறை வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, அட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தாள் ஒட்டி, பத்துக் கிலோ அரிசி மூட்டையை மேலே ஏற்றினேன். "சோறு வடிக்க அரிசி எடுக்கணும், எப்ப இறக்குவீங்க?" என்று வீட்டுக்காரி இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அட்டை தட்டையாக வந்தது. ஆனால் விரித்து மூடி, விரித்து மூடி, நாலு நாளில் மடிப்பு வெடித்துவிட்டது. தாளுக்கும் நார் ஓட்டம் உண்டு. ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ, அதுதான் ஓட்டம். அது புத்தக முதுகோடு சேர்ந்து ஓட வேண்டும். நான் குறுக்கே வைத்துவிட்டேன்.

மூன்றாவது முறை ஓட்டம் பார்த்து வைத்தேன். மூலைகளுக்கு 20 காசு நாணயத்தை வைத்துக் கோடு போட்டு வெட்டி, உப்புத்தாள் தேய்த்து, மேலே பள்ளிப் புத்தகங்களுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை. இதுவரை தாங்குகிறது. ஆட்டுப் பக்கத்தின் மூலையை மட்டும் மென்று வைத்திருக்கிறாள்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது படம் வரைவதில் அல்ல, யாரைச் சேர்ப்பது என்பதில்தான். பழைய புத்தகத்தில் சிங்கம், வரிக்குதிரை எல்லாம் இருந்தன. அவள் அவற்றைத் திரும்பியும் பார்த்ததில்லை. காலையில் கூரையில் கத்துகிறதே, அது புத்தகத்திலும் கத்தினால்தான் அவளுக்கு வேடிக்கை. அதனால் மாடு, சேவல், ஆடு, காகம், பல்லி, ஆந்தை.

மாட்டுக்கு 'ம்மா' என்று எழுதினேன். உதட்டை மூடித் திறந்தால் போதும், பிள்ளை வாயில் முதலில் வருவதும் அந்தச் சத்தம்தான். ஆட்டுக்கு நான் 'மே' என்றால், பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) 'எம்பேக்' என்கிறார். இவள் இரண்டுக்கும் தலையாட்டுகிறாள். காகம் வரைந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக இந்தக் காகங்களைச் சிலோனிலிருந்து இங்கே கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காகம் போகவில்லை.

ஆந்தைதான் சிக்கல். கடைப் புத்தகங்களில் 'ஹூ ஹூ' என்று போடுகிறார்கள். எலி பிடிக்கத் தோட்டத்தில் கம்பம் நட்டு, பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, அந்த வெள்ளை மூஞ்சிக்காரர் அப்படிக் கத்துவதே இல்லை. தொண்டை கிழியக் கிறீச்சிடுவார். தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்த 'ஆந்தை அலறும்' இதற்குத்தான் சரி. (இலக்கணப்படி இவர் கூகை, குழற வேண்டும். அதை நான் கண்டுகொள்ளவில்லை.) 'க்ரீஈஈச்' என்று எழுதி, முதல் தடவை முழுக் குரலில் வாசித்தேன். பாப்பா உதட்டைப் பிதுக்கினாள். இப்போது அந்தப் பக்கம் வந்தால் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திவிட்டு, விரலிடுக்கில் நான் மெதுவாக அலற வேண்டும் என்று காத்திருக்கிறாள்.

பல்லிப் பக்கம் எதிர்பாராத வெற்றி. 'ச்சு ச்சு' என்றால் போதும், புத்தகத்தை விட்டுவிட்டு அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்க்கிறாள்.

நேற்று ராத்திரி நல்ல மழை. விட்டதும் வாசல் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) குண்டுத் தவளைகள் ஆரம்பித்துவிட்டன, அடிவயிற்றிலிருந்து, நிறுத்தாமல். அடுத்த பக்கம் தவளைதான் என்று பென்சிலை எடுத்தேன். அந்தச் சத்தத்தை எந்த எழுத்தில் அடக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாப்பா புத்தகத்தைத் தரதரவென்று இழுத்து வந்து மாட்டுப் பக்கத்தைத் திறந்தாள். இருட்டில் லோங்காங்கைக் காட்டி, "ம்மா" என்றாள்.