ஈர்க்குச்சிக் கட்டு

மார்ச் 10, திங்கள்

பெரியவளுக்கு அம்மை கண்டதிலிருந்து 12-ம் நாள். சின்னவன் உடம்பில் இன்னும் கொப்புளம் ஒன்றும் இல்லை.

பெரியவளுக்கு வெள்ளிக்கிழமை மூன்றாவது தண்ணீரும் தலைக்கு ஊற்றியாச்சு. பொருக்கு உதிர்ந்துகொண்டிருக்கிறது. அம்மை கண்டு எழுந்த பிள்ளையிடம் முதல் நாளே பழைய அட்டவணையை நீட்டக் கூடாது. காலை 9 மணிக்கு 20 நிமிடம் கணக்கு, சாயங்காலம் 15 நிமிடம் வாசிப்பு. மற்றதெல்லாம் அடுத்த வாரம்.

எங்கே நிற்கிறாள் என்று பார்க்க மூன்றே கழித்தல்: 52−27, 43−18, 71−46. மூன்றுக்கும் 35 என்று எழுதியிருக்கிறாள். மூன்றுக்கும் விடை 25.

கவனக்குறைவு இல்லை இது. 2-இல் 7 போகாது என்றதும் திருப்பிப் போட்டு 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறாள், மூன்று தடவையும் அதே மாதிரி. அவளிடம் ஒரு விதி இருக்கிறது. "எப்பவும் பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்" என்று போன வருஷம் சொல்லிக்கொடுத்தது நாம்தான். 8−3 மாதிரிக் கணக்குக்கு அது போதும். இரண்டு இலக்கத்துக்கு வந்ததும் அதே விதி காலை வாருகிறது.

மார்ச் 11, செவ்வாய்

13. காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குளில் பார்த்தேன். இல்லை.

புது விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, கழுவித் துடைத்து, விரல் நீளத்துக்கு 100 துண்டு. வெட்டின முனை குத்தும். தரையில் நாலு தேய் தேய்த்தால் மழுங்கிவிடும். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடுவதைப் பெரியவளே செய்ய வேண்டும். நாம் கட்டிக் கொடுத்தால் கட்டுக்குள் பத்து இருப்பதாகப் பிள்ளை நம்பாது, ஒவ்வொரு தடவையும் பிரித்து எண்ணும். பேண்டை இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றக் கூடாது. இறுகிப்போனால் கழற்றுவதிலேயே கணக்கு மறந்துவிடும்.

52: ஐந்து கட்டு, தனியாக இரண்டு. "எனக்கு 27 குடு." இரண்டு கட்டைத் தள்ளினாள். ஏழு குச்சிக்கு வந்ததும் கை நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அரை நிமிடம் இருக்கும், ஒரு கட்டை எடுத்துப் பேண்டைக் கழற்றினாள். தனியாகப் பன்னிரண்டு. ஏழைக் கொடுத்தாள். மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி.

அந்த அரை நிமிடத்தில் யாரும் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். பாடமே அதுதான்.

"கடன் வாங்கி" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "எப்பத் திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கே கடனே இல்லை, நம்முடைய கட்டைத்தான் பிரிக்கிறோம். இனி இந்த வீட்டில் "கட்டைப் பிரி" மட்டும்.

மார்ச் 12, புதன்

14. இல்லை. இரவெல்லாம் புழுக்கம். இன்று கதை மட்டும்.

மார்ச் 13, வியாழன்

15.

காலையில் குச்சி இல்லாமல் தாளில் 64−28 கொடுத்தேன். 44 என்று எழுதினாள். அதே பழைய விதி. எனக்குத்தான் அவசரம். குச்சி ஒரு பக்கம், தாள் ஒரு பக்கமாக இருந்தால் பிள்ளைக்கு அவை இரண்டு தனி விளையாட்டு. இரண்டையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

தாளின் நடுவே கோடு. இடப்பக்கம் "கட்டு", வலப்பக்கம் "தனி". தாளைக் குச்சிக்குப் பக்கத்திலேயே வைத்து, கை ஒன்று செய்ததும் பென்சில் அதை எழுத வேண்டும். ஒரு கட்டைப் பிரித்தாயா? 6-ஐ அடித்து 5. தனியில் 4-ஐ அடித்து 14. அப்புறம்தான் அடுத்த குச்சியைத் தொடலாம். நாலே கணக்கு, நாலும் சரி. ஐந்தாவது கேட்டாள், கொடுக்கவில்லை. ஆசை மிச்சம் இருக்கும்போதே மூடிவிட வேண்டும், முக்கியமாக உடம்பு தேறாத பிள்ளைக்கு.

சின்னவனுக்கு எவர்சில்வர் தட்டில் ரவை. தட்டின் அடி மறைகிற அளவு பரப்பினால் போதும். கனமாகப் போட்டால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும். அ-வில் ஆரம்பிக்கவில்லை. பாட்டாகச் சொல்ல அ, ஆ வரிசை சரி. எழுத ஆரம்பிக்க அ-வின் சுழி ஐந்து வயது விரலுக்குக் கஷ்டம். ட: கீழே, வலது. அதையே மேலே ஏற்றினால் ப. பிறகு ம. ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் மூன்றும் வந்துவிடும். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மூன்று எழுத்திலேயே வாசிக்கலாம்.

"பாடம்" வைத்தேன். "பரடம்" என்றான். துணைக்காலை ர என்கிறான். ர-வை இரண்டு வாரம் தள்ளி வைக்கிறேன். ஒன்றுபோல இருக்கிற இரண்டைச் சேர்த்துக் கற்பித்தால் இரண்டும் குழம்பும்.

மார்ச் 14, வெள்ளி

16. இல்லை, இல்லை. தொற்றியதிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று தெரிந்துதான் இருக்கிறது. ஆனாலும் விடிந்ததும் டார்ச் தேடுகிறது கை.

நகம் வெட்டியாச்சு, இரண்டு பேருக்கும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால்தான், எடைக்குத் தக்கபடி. ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு 5, மொத்தம் 70 புளியங்கொட்டை. எழுதச் சொன்னால் சிணுங்குகிற நாளில் இதைவிட நல்ல கணக்கு வகுப்பு கிடையாது. பெரியவளிடம் ஆடிக்கொண்டே வாய்க்கணக்கு: எண்பத்தொன்பதுக்கு அடுத்து? தயங்குகிறாள். இருபது, முப்பது எல்லாம் "பது" என்று முடிகிறது. தொண்ணூறுக்குள் நூறு உட்கார்ந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். காது ஏமாறத்தான் செய்யும். ஒன்பது கட்டை அடுக்கிவைத்து "தொண்ணூறு" என்று சொல்லவைத்தேன்.

மார்ச் 15, சனி

17. இல்லை.

புதுத் தப்பு: 58−23-க்கு 215. தேவையே இல்லாமல் கட்டைப் பிரித்து, 18-இல் 3 போக 15, பக்கத்தில் 2. தொடர்ந்து பிரிக்கிற கணக்காகவே கொடுத்ததன் பலன். இன்று ஆறு கணக்கு, மூன்றுக்குப் பிரிக்கணும், மூன்றுக்கு வேண்டாம், கலந்து. விடை கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து "பிரி", "வேணாம்" என்று சொன்னால் போதும். ஐந்து சரி. தவறியது 60−24. பூஜ்யம் இருந்தால் தனியில் ஒன்றுமே இல்லை என்பது இன்னும் உறைக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

18.

60−24. ஆறு கட்டை வைத்துவிட்டு, தனிப் பக்கம் வெறுந்தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். "இங்க ஒண்ணுமே இல்லையே. அப்ப பிரிக்கணும்." 36.

சின்னவன் மத்தியானம் சோறு வேண்டாம் என்றான். நெற்றி சுடவில்லை. ரவைத் தட்டில் ம எழுதிக்கொண்டே வயிற்றைச் சொறிகிறான். டார்ச்