22 கால்களுள்ள கருப்புப் புழு

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பழைய வீட்டில், பின்கட்டைத் தாண்டிய கிணற்றடியில் சென்ற கார்த்திகையில் நான்கு பாத்தி முள்ளங்கியும் ஒரு பாத்தி கடுகுக்கீரையும் விதைத்திருந்தேன். நாற்றுகள் நான்கு இலை விட்டிருந்த ஒரு காலையில் பார்த்தபோது இலைகள் சல்லடையாகத் துளைபட்டிருந்தன. சிலவற்றில் நடுநரம்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. இலையின் ஓரங்களில், முக்கால் அங்குலத்தைத் தாண்டாத கரும்பச்சைப் புழுக்கள் மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தன.

பட்டாம்பூச்சி வகைப் புழு என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டு, பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்தை வாங்கி இரண்டு முறை தெளித்தேன். ஒரு புழுவும் சாகவில்லை. மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அந்த வகை, பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி இனப் புழுக்களின் குடலில் வேலை செய்வது. என் பாத்தியில் இருந்ததோ வேறு குலத்தைச் சேர்ந்தது.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எண்ணிய பிறகுதான் அது விளங்கிற்று. பட்டாம்பூச்சிப் புழுவுக்கு முன்புறம் மூன்று இணை மெய்க்கால்களும், வயிற்றுப் பகுதியில் அதிகம் போனால் ஐந்து இணை சதைக்கால்களும் இருக்கும். இதற்கு வயிற்றில் மட்டும் எட்டு இணை, ஆக மொத்தம் 22 கால்கள். இது கடுகு ரம்பப் பூச்சியின் புழு. எறும்பும் தேனீயும் குளவியும் அடங்கிய வரிசையைச் சேர்ந்ததென்றாலும், தாய்ப்பூச்சிக்குக் குளவியைப் போன்ற ஒடுங்கிய இடுப்பும் இல்லை, கொட்டும் கொடுக்கும் இல்லை. ஆரஞ்சு நிற உடலும் புகை படிந்தாற்போன்ற சிறகுகளும் கொண்ட பெண்பூச்சி, தன் வால்நுனியில் உள்ள பற்கள் பதித்த கருவியால் இலை ஓரத்தை அறுத்து, கீறலுக்கு ஒன்றாக முட்டையைச் செருகி வைக்கிறது. எங்கள் முகப்பு நிலைக்குப் பர்மா தேக்கை அறுத்த ஆசாரிகளின் ரம்பத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, ஓசையே இல்லாத இந்த ரம்பம் வியப்பாகத்தான் இருந்தது.

இதே கூட்டத்தில் வேறு விதமாகக் கெடுப்பவையும் உண்டு. வட அமெரிக்கக் கோதுமை வயல்களில் ஒரு ரம்பப் பூச்சியின் புழு தண்டுக்குள்ளேயே குடைந்து இறங்கி, அறுவடைக்கு முன் அடித்தண்டை உள்ளிருந்தே அறுத்துவிடுவதால் கதிர்கள் சாய்ந்துபோகின்றன. உள்ளீடற்ற தண்டுக்குப் பதிலாகத் திடத்தண்டு கொண்ட கோதுமை வகைகளை அங்கே உருவாக்க வேண்டியதாயிற்று. நம் பக்கத்துப் புழுவுக்குக் கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் குடும்பமே போதும். அதிலும் இளநாற்று என்றால் ஒரே வாரத்தில் பாத்தியை மொட்டையாக்கிவிடும்.

வழி காட்டியவர் அடுத்த வீட்டு ஆச்சி. "மருந்தெல்லாம் எதுக்கு தம்பி? விடியக்காலம் ஒரு சொளகைக் கீழே பிடிச்சுக்கிட்டுச் செடியைத் தட்டுங்க" என்றார். இந்தப் புழு தொட்டவுடன் சுருண்டு, செத்ததுபோல் தரையில் விழுந்துவிடும். மண்ணின் நிறத்தோடு கலந்து கிடந்து தப்பித்துக்கொள்ளும். சொளகில் விழுந்தால் தப்ப இடமில்லை. காலையிலும் மாலையிலும் மேய்ந்துவிட்டு உச்சிவெயிலில் ஒளிந்துகொள்வதால், நேரம் பார்த்து இறங்கினேன். முதல் நாள் சொளகில் அறுபதுக்கு மேல் விழுந்தன. எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் போட்டேன். ஐந்து நாளில் தொல்லை அடங்கியது. இடையில் ஒரு மாலை வேப்பங்கொட்டைக் கரைசலும் தெளித்தேன். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கில்லை என்றாலும், என் கணக்கில் பெரும்பங்கு சொளகுக்கே.

பிழைத்த புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும் என்பதால், முள்ளங்கியைப் பிடுங்கியதும் பாத்திகளை ஆழக் கொத்திப் புரட்டி வெயிலில் காயவிட்டேன். கொத்தி முடிப்பதற்குள் கிணற்று மதிலில் மைனாக்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.