அல்சூர் ஏரிக்கு சக்கர் மீன் வேண்டாம்

பெங்களூரு மீன்தொட்டிக்காரங்களுக்கு: கடையில ரெண்டு இஞ்ச் சைஸ்ல "பாசியைத் தின்னும்"னு சொல்லித் தர்ற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல வளரும். 2 அடித் தொட்டியில அதால திரும்பக்கூட முடியாது. உடனே கவர்ல போட்டு ஏரிக்கு! புண்ணியம்னு வேற நினைப்பு. தென் அமெரிக்க மீன் அது. காத்தை விழுங்கி வயித்தாலயே சுவாசிக்கும், சாக்கடை கலந்த தண்ணியிலயும் பிழைச்சுக்கும். கரையில பொந்து தோண்டி முட்டையிடும். உடம்பெல்லாம் எலும்புத் தட்டு, கொக்கு லேசில விழுங்காது.

வளர்ந்துட்டா வாங்கின கடையிலயே திருப்பிக் கொடுங்க. பாசிதான் தொல்லைன்னா லைட்டை 6 மணி நேரமாக் குறைங்க, வாரம் கால்வாசித் தண்ணி மாத்துங்க. குழாயில வர்ற காவிரித் தண்ணியில குளோரின் இருக்கும். குளோரினை முறிக்கிற மருந்து கலக்காம அந்தத் தண்ணியை ஊத்தினா செவுள் வெந்துடும், ஃபில்டர்ல மீன் கழிவைச் சிதைக்கிற பாக்டீரியாவும் செத்து, மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறும்.