நான்காவது தராசு நின்றது

நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத் தராசு நேராக நின்றது. மூன்றைக் கெடுத்த பிறகு வந்த நான்காவது. வலத் தட்டில் ஒரு கடுகை வைத்தேன், இறங்கியது. எடுத்தேன், மெல்ல ஆடி மறுபடியும் மட்டத்துக்கு வந்தது. இருபது தடவையாவது வைத்து எடுத்திருப்பேன்.

1:12 அளவில், அதாவது அசலில் பன்னிரண்டில் ஒரு பங்காக, நான் கட்டிவரும் பொம்மை வீடு, ஸ்காட்லாந்தின் லாரன்ஸ்கர்க் ஊரில் 1891-இல் இருந்திருக்கக்கூடிய ஒரு மளிகைக்காரரின் வீடு. முன்னால் கடை, பின்னால் சமையலறை, மேலே படுக்கையறைகள். அந்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதிக் குடிமதிப்பில் சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்றும் கேட்டு எழுதினார்கள். அதனால் சுவர்களுக்கும் முன்பே சன்னல்களைத் தீர்மானித்தேன். கடைக்காரர், மனைவி, கணவரின் தங்கை, இரண்டு பிள்ளைகள், கூடவே தங்கித் தொழில் பழகும் பையன், வேலைக்காரப் பெண் என்று ஏழு பேர்.

தராசுக்கு வருகிறேன். கோல் 38 மி.மீ., அரை மி.மீ. பித்தளைத் தகடு. முதல் கோலில் நடுத்துளை, ஓரத்துளைகளை இணைக்கும் கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டது. தட்டுகளை மாட்டியதும் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே கிடந்தது. இரண்டாவது, பற்றவைத்த சூட்டில் வளைந்தது. மூன்றாவதில் நடுத்துளையை ஒன்றரை மி.மீ. மேலே ஏற்றினேன், மலைபோல் நின்றது, கடுகல்ல, மிளகு வைத்தும் அசையவில்லை. கால் மி.மீ. மேலே போதும். துளையின் மேல்விளிம்பை அரத்தால் ஆப்பு வடிவில் ராவி, தையல் ஊசித் துண்டின் மேல் உட்காரவைத்தேன். வட்டத் துளை எத்தனை வழவழப்பாக இருந்தாலும் உராய்வு விடாது. இதற்கு நான்கு வார இறுதிகள் போயின, வருத்தமில்லை.

சங்கிலி விஷயத்தில் ஏமாந்தேன். 1 மி.மீ. என்று விற்ற சங்கிலி இரண்டு மடங்கு தடிமனாக வந்தது. கடைசியில் நகை பழுது பார்க்கும் ஆசாரி ஒருவர் தந்த அறுந்த துண்டுகள்தான் கைகொடுத்தன. பித்தளையும் இனி அவரிடமே.

தராசில் இத்தனை பிடிவாதம் ஏன் என்றால், அதில் நிறுக்கப்போவது இலங்கைத் தேயிலை. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், இந்த லாரன்ஸ்கர்க்குக்குப் பக்கத்தில் 1835-இல் பிறந்தவர். இலங்கை மலையில் கொழுந்து பறித்தவர்கள் நம் தமிழ்ப் பெண்கள். கூடை நிறையப் பறித்து அங்கே நிறுத்துக் கொடுத்ததைத்தான் இங்கே கால் பவுண்டு பொட்டலமாக நிறுத்துத் தருகிறார் கடைக்காரரின் தங்கை. அந்தத் தராசை ஒட்டிவைத்த பொம்மையாக விட எனக்கு மனம் வரவில்லை. தேயிலைப் பெட்டிகள் மூன்று முடிந்துவிட்டன. அசலில் உள்ளே ஈயத் தகடு இருக்கும், நான் சாக்லேட் தாளைத் தேய்த்து ஒட்டினேன். நிறம் கச்சிதம்.

கவுன்டருக்கு இன்னும் வார்னிஷ் அடிக்கவில்லை, ஓட்ஸ் மாவுப் பெட்டிக்கு மூடியும் இல்லை. ஆனாலும் கை சமையலறைச் சுவர்ப் படுக்கைக்குத் தாவிவிட்டது. அலமாரிபோல் சுவருக்குள் அடங்கி, நகரும் கதவுகள் மூடும் படுக்கை. வேலைக்காரப் பெண் அதில்தான் தூங்குவாள். கதவு ஓடும் பள்ளத்தை ஒரு மி.மீ. ஆழத்தில் வெட்டிப் பார்த்தேன், கதவு தடம் மாறி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மி.மீ. வெட்டிப் பார்க்க வேண்டும்.