7:10

மார்ச் 4
ஐசியூ வாசல். அம்மா "பின்மண்டைல யாரோ சுத்தியலால அடிச்ச மாதிரி இருக்குடி"ன்னு சொன்னப்ப மணி 7:10, நான் தலைவலி மாத்திரை குடுத்து லைட்ட அணைச்சு படுக்க வெச்சேன். வாந்தி எடுத்தப்ப 9:30. ஸ்கேன் எடுக்குறப்ப 11. மூளைல ரத்தக்குழாய் ஒரு இடத்துல புடைச்சு வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு.

மார்ச் 5
காயில் போட்டாச்சு. தொடை ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒரு ட்யூபை மூளை வரைக்கும் கொண்டு போயி, புடைச்சு வெடிச்ச இடத்துக்குள்ள பிளாட்டினம் சுருளை விட்டு அடைக்கிறாங்க. மனுஷங்களுக்கு இத மொத மொத பண்ணதே 1990லதானாம். 2002ல வந்த ஒரு ஆய்வுல 2143 நோயாளிங்க, பாதிப் பேருக்கு மண்டையோட்ட திறந்து புடைப்புக்கு அடில கிளிப் மாட்டி அடைக்கிறது, மீதிப் பேருக்கு காயில். ரெண்டுல எதை வேணா பண்ணலாம்ங்குற நிலைமைல இருந்தவங்கதான் எல்லாருமே. ஒரு வருஷம் கழிச்சு செத்துப்போனவங்க, அடுத்தவங்க துணை இல்லாம முடியாதவங்க ரெண்டு பேரையும் சேத்து எண்ணிப் பாத்தா கிளிப்ல 100க்கு 31, காயில்ல 24. அந்த 2143 பேருக்கும் வெளில யாரோ ஒருத்தர் இப்படி உக்காந்திருந்திருப்பாங்க, அவங்க ஒத்துக்கிட்டதாலதான் இன்னைக்கு எங்கம்மா தலைய திறக்காம முடிஞ்சது. அவங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது, கும்பிடணும் போல இருக்கு.

மார்ச் 6
7:10.

மார்ச் 8
அடைச்சாச்சுன்னா முடிஞ்சதுன்னு நெனச்சேன். இல்ல. கசிஞ்ச ரத்தம் மூளையச் சுத்தி கெடக்குறதால 3-வது நாள்லருந்து 14-வது நாள் வரைக்கும் ரத்தக்குழாய் சுருங்கலாம், சுருங்குனா அந்தப் பக்கத்துக்கு ரத்தம் போகாம பக்கவாதம். அதுக்குத்தான் 4 மணி நேரத்துக்கு ஒருக்கா நிமோடிபின்னு ஒரு மாத்திரை, 21 நாள், நடுராத்திரியும் எழுப்பிக் குடுக்குறாங்க. 2, 6, 10, திரும்ப 2, 6, 10, எனக்கு இப்ப நாளே இப்படித்தான் ஓடுது. மணிக்கொருதரம் கண்ணுல டார்ச் அடிச்சு பாக்குறாங்க, கையத் தூக்குங்கம்மா, இது என்ன மாசம்மா. அம்மா "மார்ச்"னு சொல்ற வரைக்கும் நான் மூச்சு விடுறதில்ல.

மார்ச் 9
டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், அந்த ரெண்டு மணி நேரம் பத்தி. மறுபடி கசியுற ஆபத்து மொத 24 மணி நேரத்துலதான் ரொம்ப அதிகம், அம்மாவுக்கு அது நடக்கல, ஸ்கேனும் 6 மணி நேரத்துக்குள்ள எடுத்ததால தெளிவா காட்டிருச்சுன்னாரு. ஆறுதலுக்குத்தான் சொன்னாரு. தலைவலி கொஞ்சம் கொஞ்சமா ஏறல, ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போச்சு, வாழ்நாள்ல இப்படி வந்ததே இல்லன்னு அம்மா வாயாலயே சொன்னாங்க. அப்படி வந்தா மாத்திரை இல்ல, ஆம்புலன்ஸ். இத யாராவது எனக்கு முன்னாடியே சொல்லிருந்தா.

மார்ச் 10
பெரியம்மா தலைவலின்னு படுத்தவங்கதான், எந்திரிக்கவே இல்ல. ஹார்ட்டுன்னு சொல்லி விட்டுட்டோம். கூடப்பொறந்தவங்க, பெத்தவங்க, புள்ளைங்க இந்த வட்டத்துல ரெண்டு பேருக்கு வந்திருந்தா மீதி ஆளுங்க ஸ்கேன் பண்ணிப் பாக்கணுமாம். பெரியம்மாவுக்கும் இதான்னா, சித்திக்கு அக்கா ரெண்டு பேருக்கும் ஆச்சு. சித்திகிட்ட சொன்னேன், "இருக்குன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வருமாடி"ன்னு அழுவுறாங்க. வெடிக்காத புடைப்பு தலைக்குள்ள 100ல 3 பேருக்கு இருக்கும், நெறைய பேருக்கு கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகாது சித்தின்னேன். சமாதானம் ஆகல.

மார்ச் 11
ரத்தத்துல சோடியம் 128. கம்மி.

மார்ச் 12
தம்பிக்கு பிபி 158/96. பதட்டத்துல ஏறிருக்கும்ங்குறான். போன வருஷமும் அப்படித்தான் சொன்னான். வெளில போயி சிகரெட் வேற. வயசையோ பரம்பரையோ நம்மால மாத்த முடியாது, பிபியும் சிகரெட்டும்தான்டா நம்ம கையில இருக்குன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். பாக்கெட்ட எங்கிட்ட குடுத்துட்டு பேசாம உக்காந்துட்டான்.

மார்ச் 13
சாயங்காலம் பாக்க விட்டப்ப இடது கை சரியா தூக்கல. கொஞ்ச நேரம் பாப்போம்னு நெனைக்கல, உடனே நர்ஸ்கிட்ட ஓடுனேன். ஸ்கேனுக்கு கொண்டு போனாங்க. சுருங்கியிருக்கு. மருந்து போட்டு பிபிய வேணும்னே ஏத்துறாங்க, ரத்தம் அழுத்தமா போனாத்தான் சுருங்குன குழாய் வழியா தாண்டுமாம். நான் போயி சொன்னப்ப மணி 5:05. அம்மா கை தூக்காதத பாத்தது 5:04.

மார்ச் 14
விரல் அசையுது. மாசம் கேட்டதுக்கு பதில் இல்ல, என்னையே பாத்துட்டு இருந்தாங்க. 10 மணி மாத்திரை குடுத்தாச்சு, அடுத்தது 2க்கு.