ஏன் பத்தலை?

"சுத்தமான சரக்குன்னா, நெருப்பு வச்சும் ஏன்ண்ணே பத்தலை?"

அன்றைக்கு இதற்கு வேறு பதில் சொல்லியிருக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

எங்கள் லேப் சாமான் கடைக்கு ஒருவர், எங்கேயோ வாங்கிய லைகோபோடியத்தை, அதாவது பாசி மாதிரியான ஒரு செடியின் வித்துத்தூளை, பொட்டலமாகக் கொண்டுவந்து, கலப்படமா பாருங்கள் என்றார். சென்னையில் கெமிக்கல் கடைகள் நிறைந்த நைனியப்ப நாயக்கன் தெருவில் இது வழக்கம்தான். விலை கூடின தூள். மாவு, பைன் மகரந்தம் என்று எதையாவது கலந்துவிடுவார்கள். ஒரு சிட்டிகையில் அயோடின் விட்டேன், நீலம் ஏறவில்லை, மாவு இல்லை. விற்பனைக்கு வைத்திருந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முக்கோண மணிகள், மேலே வலைப்பின்னல். பைன் மகரந்தத்துக்கு இருபக்கமும் இருக்கும் காற்றுப்பைகளைக் காணோம். டம்ளர் தண்ணீரில் தூவி விரலை விட்டு எடுத்தேன், ஈரமே இல்லை. நல்ல சரக்கு. அப்போதுதான் அந்தக் கேள்வி.

"குவியலா வச்சா பத்தாதுங்க, காத்துல பறக்கணும்" என்றேன்.

அதோடு விட்டேனா? பாதிக்குப் பாதி எண்ணெய், ஒரு துகள் முப்பது மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு, சுற்றிலும் காற்று கிடைத்தால் ஒரே மூச்சில் பிடிக்கும் என்றேன். 1807-ல் பிரான்சில் நியெப்ஸ் சகோதரர்கள் இதை எரித்தே எஞ்சின் ஓட்டிய கதையையும் சொன்னேன். கேட்க ஆள் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது.

அப்புறம்தான் எதற்கு என்று விசாரித்தேன். கல்யாண மண்டபம், ஏசி ஹால். பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும்போது இரண்டு பக்கமும் தீ எழ வேண்டுமாம். இன்னும் ஒரு கிலோ வேண்டும் என்றார். துணிப் பந்தல், தெர்மகோல், குழந்தைகள். முடியாது என்றேன்.

"கூத்துல குங்கிலியம் போடலையா?"

"அது திறந்தவெளி. பந்தம் பிடிக்கிறவன் கை பழகின கை."

"ஸ்கூலுக்கு மட்டும் குடுக்கறீங்க?"

"அவங்க ஒலி அலையைக் காட்டற குண்ட் குழாய்க்குள்ள கொஞ்சம் தூவுவாங்க, அவ்வளவுதான்."

சிரித்தார். கோபமில்லை. பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப தேங்ஸ்ண்ணே" என்று போனார். எதற்குத் தேங்ஸ்? நான்தான் எதுவும் விற்கவில்லையே.

முதலாளியும் அதையேதான் சொன்னார்: "விக்கலையே, அப்புறம் என்ன?" நியாயம்தான். சொல்லாமல் விட்டிருந்தால் அவரே வீட்டில் ஊதிப் பார்த்து முகத்தைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். ஆபத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எப்படிப் பிடிக்கும் என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆனால் எதற்கு என்று முதலில் கேட்டிருந்தால் இவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். இப்போது முதலில் அதைத்தான் கேட்கிறேன். அவரவர் தோதாக ஒரு பதில் சொல்கிறார்கள்.

போன வாரம் ஒரு பிசிக்ஸ் டீச்சர் நூறு கிராம் வாங்கினார். பில் போடும்போதே, "மேடம், இது பறந்தா பத்திக்கும், பர்னர் பக்கத்துல திறக்காதீங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பசங்களுக்கு அதையும் செய்து காட்டலாமா என்று கேட்டார்.