பென்சில் கோடு

மார்ச் 3, 2022
ராத்திரி முழுக்க மழை. சிட்னிக்குத் தண்ணீர் தரும் வாரகம்பா அணை நிரம்பி வழிகிறதாம். ஹாலில் மூன்று பாத்திரம் வைத்திருக்கிறேன். குக்கரில் விழும் சொட்டுதான் தூங்கவிடவில்லை. உள்ளே துண்டைப் போட்டேன்.

மார்ச் 8
ஹால் கூரையில் இருக்கும் கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினேன். இது ஐந்தாவது கோடு. முதல் கோடு தோசைக்கல் அளவுதான். இப்போது விளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. நடுவில் வெளுப்பு, ஓரமெல்லாம் தேயிலைச் சாயம். பெயின்ட் கொப்புளமாகத் தொங்குகிறது. ஊசியால் குத்தினேன். அரை டம்ளர் தண்ணீர்.

மார்ச் 11
எங்கள் அடுக்குமாடியை நிர்வகிக்கும் ஸ்ட்ராட்டா மேனேஜருக்குப் பதினான்காவது மெயில். ஓனர்கள் கமிட்டியின் கவனத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

மார்ச் 27
கோபத்தோடு மாடி ஏறினேன். மேல் வீட்டு ஓனர் அக்கா கதவைத் திறந்ததும், "வந்து பாருங்கோ தம்பி, எங்கட பக்கமும் ஊறித்தான் கிடக்கு" என்றார். பால்கனி ஓடுகளின் இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தட்டினால் நாலைந்து ஓடு பொள்ளலாக ஒலிக்கிறது. அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃப் போய்விட்டது, வேறென்ன.

கட்டடம் கட்டும்போது போட்ட ஓடு என்றால் அது பொதுச் சொத்து, எல்லோரும் கட்டும் லெவியிலிருந்து, அதாவது பராமரிப்புப் பணத்திலிருந்து, சரிசெய்ய வேண்டும். முன்பிருந்த ஓனர் மாற்றிவிட்டார் என்கிறது கமிட்டி. ஆதாரம் கேட்டால் ஒரு காகிதம் இல்லை. செலவெல்லாம் தன் தலையில் விழுமோ என்று அக்கா அழுதுவிட்டார். அவர்மேல் இனி எனக்குக் கோபம் இல்லை.

மே 14
கடைசியில் ப்ளம்பர் வந்தார். மேலே வடிகாலை அடைத்து, பச்சைச் சாயம் கலந்து தண்ணீர் தேக்கினார். நாற்காலி போட்டுக் கீழே காத்திருந்தேன். மாலை நாலரைக்கு ஜன்னலுக்கு மேலே ஒரு துளி திரண்டது. பச்சை! போட்டோ எடுக்கும்போது கை நடுங்கியது.

ஜூன் 19
அம்மா வந்துவிட்டாள். ஓதம் ஏறிய வீட்டில் மூன்றாம் நாளே இருமல்.

ஜூலை 3
மறுபடி வாரகம்பா வழிகிறது. எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 20
ஸ்ட்ராட்டா சட்டம், பிரிவு 106. பொதுச் சொத்தைப் பழுது பார்ப்பது ஓனர்ஸ் கார்ப்பரேஷனின், அதாவது எல்லா ஓனர்களும் சேர்ந்த அமைப்பின், கடமை. படிக்கப் படிக்கத் தெம்பு வந்தது. அப்புறம் ஆறாவது உட்பிரிவு. நஷ்டம் முதலில் தெரியவந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். என் முதல் மெயில் 2021 ஜனவரி 19. சரி, நாள் இருக்கிறது. சமரசப் பேச்சுக்கு விண்ணப்பித்தேன்.

செப்டம்பர் 13
மழையைக் கூட்டும் லா நினா மூன்றாவது வருடமாகத் தொடர்கிறதாம்.

அக்டோபர் 6
இந்த வருட மழை, 1950-ல் பெய்த 2,194 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. சிட்னிக்கு இப்படி ஒரு வருடம் இருந்ததே இல்லை. இன்னும் மூன்று மாதம் மிச்சம். அம்மா கட்டிலை மூன்றாவது தடவை நகர்த்தினேன்.

அக்டோபர் 24
தீபாவளி. விளக்கேற்றிவிட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அன்னைக்கே கேட்டேனேடா, மேல என்ன கறைன்னு. விளக்குப் புகைன்னு சொன்ன."

"என்னைக்கும்மா?"

"கொரோனா தீபாவளிக்கு. வீடியோல காட்டினியே."

போனில் தேடினேன். 2020 நவம்பர் 14. அகல் வரிசைக்கு மேலே, கட்டைவிரல் அளவில் மஞ்சள்.

அக்டோபர் 25, அதிகாலை 2 மணி
கறையைப் பார்த்திருக்கிறேன். புகை என்று நினைத்திருக்கிறேன். இது தெரிந்த கணக்கா, தெரியாத கணக்கா? புகை என்று நிஜமாகவே நினைத்தேனா, அம்மா கவலைப்படக் கூடாது என்று சொன்னேனா? அன்றைக்கு ஒரு தடவை ஸ்டூலில் ஏறித் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

அன்றே தெரிந்தது என்றால் 2 வருடம் நவம்பர் 14-ல் முடிகிறது. இருபதே நாள்.

நவம்பர் 1
சமரசப் பேச்சு. அரை மணி நேரம். உடன்பாடு இல்லை. இனி வழக்கை விசாரிக்கும் ட்ரிப்யூனல்தான்.

நவம்பர் 9
மெயில்கள், ப்ளம்பர் ரிப்போர்ட், பச்சைத் துளி, பென்சில் கோடுகள் எல்லாம் ஸ்கேன் செய்தாயிற்று. அந்தத் தீபாவளிப் படத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் கேட்டேன்.

"நடந்ததை நடந்த மாதிரி சொல்லு."

முதல் பக்கத்திலேயே வைத்தேன். நவம்பர் 14, 2020 என்று எழுதினேன். இரவு பதினொன்று பத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 12
மழை இல்லை. ஆனாலும் சொட்டுகிறது. ஸ்லாபுக்குள் தேங்கியது இறங்க நாளாகும் என்று ப்ளம்பர் அன்றே சொன்னார். இரண்டு சொட்டுக்கு நடுவே நாற்பது விநாடி. நேற்று முப்பத்தொன்று.